தாலி கட்டும் இடத்தில் நிற்காத கணினி

எங்கள் ஸ்டூடியோவில் இருந்த பழைய கணினி எந்தக் கலியாணத்தைப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். தாலிக்குப் பொன்னுருக்கல் ஓடும். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருவது ஓடும். ஐயர் மந்திரம் சொல்வது, கன்னிகாதானம், பெண் கூறைச் சேலை உடுத்துக்கொண்டு திரும்பி வருவது எல்லாம் தடையில்லாமல் ஓடும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் படம் அப்படியே நின்றுவிடும். கெட்டிமேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். மற்ற இடங்களுக்கு ஒரு கமரா போதும். தாலி கட்டும்போது மூன்று கமராவையும் ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மாப்பிள்ளையின் கைக்கு, ஒன்று பெண்ணின் முகத்துக்கு, ஒன்று சபைக்கு. அந்த நேரம் பார்த்து முந்நூறு பேர் பூ எறிவார்கள். ஓமப் புகை எழும்பும். எல்லோரும் கையில் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். படத்தில் அசையாத இடம் என்று ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாது. சும்மா நிற்கிற சுவரைக் காட்டுவது கணினிக்கு இலேசு. பறக்கிற பூவைக் காட்டுவதுதான் பாடு. அதோடு எல்லோருக்கும் அந்த இடம் மெதுவாக ஓடவேண்டும், அதையும் கணினிதான் செய்ய வேண்டும்.

நான் வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறேன். வீடு கொட்டாஞ்சேனையில். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. முதலில் இந்த ஸ்டூடியோவில் லைட் பிடிக்கத்தான் சேர்ந்தேன். அப்போது ஸ்டூடியோ முதலாளி ஐயா, அக்காவின் கணவர், உயிரோடு இருந்தார். கமரா அவர் கையில், லைட் என் கையில். எடிட்டிங் செய்துகொண்டிருந்தவர் இத்தாலிக்குப் போனதும் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. ஒருநாள் ஐயா என்னை அதில் இருக்கச் சொன்னார். திரையில் இருந்த ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை. எந்தப் பட்டன் எந்த நிறம், எந்த மூலையில் இருக்கிறது என்று பாடமாக்கினேன். இன்றைக்கும் அப்படித்தான். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. கையைக் கொண்டுபோய் அதன்மேல் வைப்பேன்.

ஐயா இறந்தபிறகு ஸ்டூடியோவை அக்கா நடத்துகிறார். சொந்தம் இல்லை, ஆனாலும் அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. கமராக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேலை இருக்கும்போது வந்துபோவார்கள். அறையில் நிரந்தரமாக இருப்பது நாங்கள் இருவரும்தான்.

பழைய கணினியோடு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். படம் நின்றாலும் மேளம் நிற்காது அல்லவா? மேளத்தைக் கேட்டு வெட்டுவேன். தவில் எந்த இடத்தில் ஏறும், நாதஸ்வரம் எந்த இடத்தில் இழுக்கும் என்று பழகிப்போனது. கண்ணை மூடிக்கொண்டே முதல் முடிச்சு இது, இரண்டாவது இது என்று சொல்வேன். வெட்டி முடித்து, முழுவதையும் ஒரே வீடியோவாக வெளியே எடுத்தபிறகுதான் சரியா பிழையா என்று பார்க்கலாம். பெரும்பாலும் சரியாகவே வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைதான் ஒருநாள் காலை வாரியது. ஒரு கலியாணத்தில் மேளக்காரர்கள் அரை நிமிடம் முந்தியே கெட்டிமேளம் தொடங்கிவிட்டார்கள். ஐயர் கையைத் தூக்கினாராம், அவர்கள் அதைத் தாலிக்கு என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. மேளத்தை நம்பி வெட்டினேன். அந்த நேரத்தில் நான் வைத்த படத்தில் தவில்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு சபை. பிறகு பூ. அதற்குப் பிறகு பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது. கட்டியது எங்கேயும் இல்லை. அன்றைக்கு அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததால் நான் திரும்பவும் பார்க்கவில்லை.

கனடாவில் இருந்து பெண்ணின் மாமா போன் எடுத்தார். அக்கா போனை மேசையில் வைத்து எனக்கும் கேட்கும்படி விட்டார்.

"தங்கச்சி, நான் நாலு தரம் பாத்திட்டன். தாலி கட்டினதைக் காணேல்ல. தவிலடிக்கிறவர்தான் நிக்கிறார். எங்கட பிள்ளை அவரையோ கட்டினது?"

அக்கா மன்னிப்புக் கேட்டார். நான் அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன். ஆனால் கதை பரவிவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு கதை கடற்கரையில் தொடங்கினால் பெருந்தெருவான காலி வீதிக்கு வருவதற்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு குடும்பங்கள் பேசி வைத்திருந்ததை விட்டுவிட்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

அது மட்டும் காரணம் இல்லை. இப்போது எல்லோரும் கேட்பது அன்றைக்கே காட்டும் வீடியோ. காலையில் தாலி கட்டினால், சனம் சாப்பிட்டு எழும்புவதற்குள் மண்டபத்துப் பெரிய திரையில் அது ஓடவேண்டும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு அதுதான் விருப்பம். தாலியில் நிற்கிற கணினியை வைத்துக்கொண்டு அதற்கு எப்படி ஓம் என்று சொல்வது? கேட்டு வந்தவர்களுக்கு அக்கா இல்லை என்றே சொல்லி அனுப்பினார்.

பக்கத்தில் போன் கவர் விற்கிற கடைக்காரர் எங்கள் அறையைத் தனக்குத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஒரு நல்ல கொம்பியூட்டர் வாங்க என்னட்டக் காசு இருக்கு. ரெண்டு வாங்க இல்லை. இது சரிவந்தா நடத்துவம். பிழைச்சா அறையை அவரிட்டக் குடுத்திட்டு நான் மகளோட போய் இருக்கிறன்."

எனக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பத்தொன்பது வயதில் திரும்பவும் லைட் பிடிக்கப் போகலாம். அதற்கு இப்போது ஆளே தேவையில்லை, கமராவின் தலையிலேயே விளக்கு வருகிறது.

கணினி வாங்கும் பொறுப்பை அக்கா தன் மருமகனிடம் கொடுத்தார். மகளின் கணவர் ஒரு வங்கியில் கணினிப் பகுதியில் வேலை செய்கிறார். நல்ல பிள்ளை. என்னை அண்ணை என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவர் ஒரு வாரம் இணையத்தில் தேடி, ஒரு முழுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அழகான எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி கீறி, வாங்கியதும் அதில் அடையாளம் போட இடம் விட்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்காப் பாருங்கோ. ஏதும் மாத்தவேணுமெண்டாச் சொல்லுங்கோ."

தாளை வாங்கிப் பார்த்தேன். இலக்கங்கள் தெரிந்தன. "நல்லாருக்கு தம்பி," என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்கு ஆட்கள் முன்னால் வாய் திறப்பது கஷ்டம். சின்ன வயதிலிருந்தே அப்படி. இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும்.

ஆனால் அதற்கு முந்தின நாளே நான் ஒரு வேலை செய்திருந்தேன். தவில்காரர் வந்த அந்தக் கலியாணத்தின் தாலி கட்டும் இடத்தை, மூன்று கமராவிலிருந்தும் எடுத்த முழு அளவுப் படத்தோடு, ஒரு சிறிய ஹாட் டிஸ்கில் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிடம். அதை எந்தக் கணினியில் போட்டாலும் அது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். சப்பாத்து வாங்கப் போகிறவன் காலைக் கொண்டுபோவது மாதிரித்தான் இதுவும். டிஸ்க் என் சட்டைப் பையில் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போனோம். ஒன்பதில் இருந்து பத்தரை வரை ராகுகாலம் என்று அக்கா பத்தரைக்குப் பிறகுதான் வீட்டை விட்டு இறங்கினார். பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடம் முழுக்கக் கணினிக் கடைகள். மருமகன் மூன்றாம் மாடியில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு சிங்களவர். தமிழும் கொஞ்சம் கதைப்பார். எங்களைக் கண்டதும் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. நல்லூர்த் திருவிழாவுக்குக் கட்டின மின்விளக்குச் சிகரம் மாதிரி இருந்தது.

"மேக தமா ஹொந்தம எக," என்றார், இதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்று. "கேம்ஸ் விளையாடுற ஆக்கள் எல்லாம் இதுதான் எடுக்கிறது. வீடியோ சும்மா பறக்கும்."

மருமகன் தாளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கிராஃபிக்ஸ் காட் அவர் எழுதியதைவிடப் பெரியது. புரொசசரும் அவர் எழுதிய இனம்தான், அதைவிட வேகம் கூடியது. விலை எங்கள் காசுக்குள் வந்தது. அவர் சின்னப் பெட்டிகளில் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டேன். "நல்லாருக்கு அக்கா," என்றேன்.

அக்கா கைப்பையைத் திறந்தார்.

"இந்தா வாறேன்," என்று சொல்லிக் கடைக்கு வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஆட்களை நேரே பார்த்துக் கதைக்க எனக்கு வராது. போனில் கதைக்க வரும். முகம் தெரியாவிட்டால் வார்த்தை வரும். நான் என் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். அவருடைய போன் அதே பைக்குள் அடித்தது.

"அக்கா, நான்தான். காசு குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க."

"நீர் எங்க நிக்கிறீர்?"

"வெளியில. கண்ணாடிக்குப் பக்கத்துல."

அக்கா திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"உள்ள வந்து சொல்லுமன்."

"இல்லக்கா, இப்பிடியே சொல்றேன். அந்தப் பெட்டி நல்லதுதான், வேற வேலைக்கு. நம்ம வேலைக்குச் சரியா இல்லையான்னு பாக்காம எடுக்கக் கூடாது. நான் தாலிய டிஸ்க்ல கொண்டாந்திருக்கேன். அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. நிக்காம ஓடினா எடுப்போம்."

அக்கா கைப்பையை மூடும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்: "இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே தம்பி. சரி, வாரும். நான் சொல்லுறன், நீர் கதைக்க வேண்டாம்."

உள்ளே போய் டிஸ்கைக் கொடுத்தேன். அக்கா தாலியைப் போடச் சொன்னார். கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன். சிங்களம் எனக்குக் கொட்டாஞ்சேனைத் தெருவில் வந்தது, அதில் கூச்சம் கொஞ்சம் குறைவு. கடையில் காட்டுவதற்கென்று எடிட்டிங் மென்பொருள் போட்டு வைத்திருந்தார்கள். கையை வைக்க வேண்டிய இடங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்களிலேயே இருந்தன. மூன்று படத்தையும் அடுக்கி, மெதுவாக ஓடும்படி வைத்து, ஓடவிட்டேன்.

ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கெட்டிமேளம் அந்த மாடி முழுக்கக் கேட்டது. எதிர்க் கடையில் பிரின்டர் வாங்க வந்த ஒரு தமிழ் அம்மா எட்டிப் பார்த்து, "இஞ்ச ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் வாசலில் சேர்ந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கையை உயர்த்தினார். படம் நின்றது. மேளம் ஓடியது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குகள் அழகாக நிறம் மாறின.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். "அய்யே, மாப்பிள்ளைக்குப் பயம்போல," என்றார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டிஸ்க் ஸ்லோவா இருக்கும்," என்றார் பிறகு. இருக்கலாம். அதனால் படத்தை அவருடைய கணினிக்குள்ளேயே பிரதி எடுத்துத் திரும்பவும் போட்டேன். மாப்பிள்ளை அதே இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

மருமகனின் முகம் சிவந்துபோனது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் தாள் பிழை என்று நான் சொல்லவில்லை. அதில் இருந்தது எல்லாம் நல்ல சாமான்கள். எங்கள் கமராவின் படம் எப்படிப்பட்டது என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை. அக்கா விடவில்லை.

"உங்கட லிஸ்டில தாலி எழுதேல்லையே மருமகன்," என்றார்.

அவரும் சிரித்துவிட்டார். "இல்லை மாமி. வங்கியில தாலி கட்டுறேல்ல."

மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அலுவலகங்களுக்கு வாங்குகிற வகை. விளக்கு இல்லை, பெரிய கிராஃபிக்ஸ் காட் இல்லை, மேலே தூசு இருந்தது. அதில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார். அந்தப் பெரியது செய்யாததை இது செய்யுமா என்று அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் அதே மென்பொருளை ஏற்றிப் போட்டார்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார், கையை உயர்த்தினார், கட்டினார். மூன்று கமராவும் ஒன்றாக ஓடின. பூ விழுந்தது. ஒவ்வொரு பூவும் தனியாகத் தெரிந்தது. வாசலில் நின்ற அம்மா கையில் பூ இல்லாமலே கையை உயர்த்தி வாழ்த்தினார்.

கடைக்காரர் இன்னொருமுறை போட்டார். மாப்பிள்ளை இன்னொருமுறையும் கட்டினார்.

மருமகன் தன் போனை எடுத்து எதையோ தேடி வாசித்தார். ஐந்து நிமிடம் கழித்து நிமிர்ந்தார். எங்கள் புதிய கமராக்கள் படத்தை மிக இறுக்கி மடித்து வைக்கின்றன. அதை விரிப்பதற்கென்று சில புரொசசர்களுக்குள் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பெரிய பெட்டியில் இருந்தது அந்தப் பகுதி இல்லாத இனம், அதில் இருந்த பெரிய கிராஃபிக்ஸ் காட்டுக்கும் இந்த வகைப் படத்தை விரிக்கத் தெரியாது என்று விளக்கினார். தான் எழுதியதும் அதே இனம்தான் என்று அவரே சொன்னார். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்திருந்தது. இத்தனை காலம் நான் கண்ணால் பார்த்ததற்கு அவர் பெயர் சொன்னார்.

"அப்ப இந்தச் சின்னனை எடுப்பமோ?" என்றார் அக்கா.

அதற்கும் நான் ஓம் என்று சொல்லவில்லை. இரண்டு பெட்டியிலும் அந்த இரண்டு நிமிடத்தை முழு வீடியோவாக வெளியே எடுக்க விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பெரியது சட்டென்று முடித்தது. சின்னது உள்ளே காற்றாடி அலற, சூடாகி, அதைப்போல நாலு மடங்கு நேரம் எடுத்தது. மண்டபத்தில் சனம் சோறு சாப்பிட்டு முடிக்கும் நேரம்தான் எனக்கு இருக்கிறது. அதற்கு இந்த வேகம் காணாது.

இந்த முறை நான் போன் எடுக்கவில்லை. கடைக்காரரிடம் சிங்களத்தில் நேராகவே கேட்டேன், இதன் மூளையை எடுத்து அதன் உடம்பில் வைக்கலாமா என்று. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "புளுவன் அய்யே," என்றார், முடியும் அண்ணே என்று. அதே மூளை இல்லை, அதே இனத்தில் இன்னும் பெரியது இருக்கிறது, அதற்கேற்ற மதர்போட்டும் வேண்டும், இரண்டு நாள் தாருங்கள் என்றார்.

மருமகன் தன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். இந்தத் தடவை தமிழில் எழுதினார். ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டார், நான் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பகுதி உள்ளே இருக்கிற பெரிய புரொசசர். கிராஃபிக்ஸ் காட் நடுத்தரம் போதும், அதில் மிஞ்சுகிற காசுக்கு ராம் இரட்டிப்பு. டிஸ்க் இரண்டு: ஒன்று மென்பொருளுக்கு, ஒன்று படத்துக்கு மட்டும். ஒரே டிஸ்கில் இரண்டையும் வைத்தால் ஒரே குழாயில் பத்து வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

"லப்டொப் எடுத்தா மண்டபத்துக்குக் கொண்டுபோக லேசுதானே அண்ணை?"

"லேசுதான் தம்பி. ஆனா நமக்கு மண்டபத்துல தர்ற அறையில ஏசி இல்ல. அரை மணித்தியாலத்துல சூடாகி நடக்க மாட்டேன்னு நிக்கும். கமராக்கார அண்ணன் ஒருத்தர்ட்ட இருக்கு, நான் பாத்திருக்கேன்."

கண்ணாடிப் பெட்டி வேண்டாம், ஓட்டோவில் போய்வரக் கூடிய தகரப் பெட்டி வேண்டும் என்றேன். யூபிஎஸ் ஒன்றும் எழுதச் சொன்னேன். மண்டபத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எழும்ப ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு காலை வேலை போய்விடும்.

மொனிட்டரை மட்டும் நான் தெரிவு செய்யவில்லை. மூன்று மொனிட்டர்களில் ஒரே படத்தை நிறுத்தினேன், பெண் கூறையோடு நிற்கும் படம். அக்காவைப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு வீடியோ போனதும் பெண்கள் முதலில் சொல்லும் குறை, என் கூறை இந்த நிறம் இல்லை என்பதுதான். அந்தப் பெண்ணுக்குக் கூறை உடுத்திவிட்டவர்களில் அக்காவும் ஒருவர்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது கூறை இல்லை, தக்காளி," என்று பளிச்சென்று இருந்ததைத் தள்ளினார். "இது காய்ஞ்ச ரத்தம்." மூன்றாவதன் முன்னால் நின்றார். "இதுதான். இந்தக் கரையில பொன்நூல் இப்பிடித்தான் மங்கலா இருந்தது." அது மூன்றிலும் அழகு குறைந்தது. கடைக்காரர் அதை ஒருவரும் கேட்பதில்லை என்றார். அதையே எடுத்தோம்.

இரண்டு நாள் கழித்து நான் தனியாகப் போனேன். பெட்டி தயாராக இருந்தது. கடைக்காரர் தானே என் டிஸ்கை வாங்கி, தானே தாலியைப் போட்டார். எனக்கு முந்தி அவர் பார்க்க வேண்டுமாம். ஓடியது. முழு வீடியோ வெளியே வர எடுத்த நேரம் பெரிய பெட்டியைவிடச் சில விநாடிதான் கூட. அவர் என் தோளில் தட்டி, அந்த இரண்டு நிமிடத்தைத் தன் கடைக் கணினியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டவாம். குடும்பத்தைக் கேட்காமல் தரமுடியாது என்றேன். அது ஒரு பிள்ளையின் தாலி.

அந்த மாதமே ஒரு கலியாணம் வந்தது. அக்கா முதல்தடவையாக அன்றைக்கே காட்டுவோம் என்று சொல்லியிருந்தார். சொன்ன நாளில் இருந்து அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை; தேத்தண்ணீர் மட்டும் வழமையைவிட அடிக்கடி வந்தது. பெட்டியை ஓட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஓட்டோக்காரர், "பிள்ளையை இறுக்கிப் பிடியுங்க," என்றார். மண்டபத்தில் மாலைகளும் பலகாரத் தட்டுகளும் அடுக்கியிருந்த அறையின் ஒரு மூலையில் மேசை போட்டுத் தந்தார்கள். லட்டு வாசத்துக்குள் இருந்து வேலை செய்தேன்.

பத்து இருபதுக்குத் தாலி. பத்தே முக்காலுக்கு மூன்று கமராவின் படமும் என் கையில். முன்பகுதியை வேகமாக வெட்டிக்கொண்டு வந்தேன். தாலிக்கு வந்தபோது என் கை பழக்கத்தில் நின்றது. காது மேளத்துக்குப் போனது. பிறகு ஓடவிட்டேன். நிற்கவில்லை.

எத்தனையோ கலியாணம் வெட்டியிருக்கிறேன். இந்தக் கமராக்கள் வந்தபிறகு தாலியைக் கண்ணால் பார்த்து வெட்டியது அன்றைக்குத்தான். மூன்று படத்திலும் ஒரே நேரத்தில் எல்லாம் நடந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டாவது முடிச்சில் விரல் தடுமாறியது. அதை உணர்ந்த பெண், ஒருவருக்கும் தெரியாமல் தலையைக் கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து கொடுத்தாள். சபையில் பெண்ணின் தகப்பன் பூவை எறிய மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேளத்தைக் கேட்டு வெட்டியிருந்தால் இவை ஒன்றும் எனக்குக் கிடைத்திருக்காது. குனிந்து கொடுத்ததை வைத்தேன். அதன்மேல் தகப்பனின் கையை வைத்தேன். நடுவில் ஒருமுறை கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது, வேலை போகவில்லை.

பன்னிரண்டரைக்கு வீடியோ கையில் இருந்தது. பாதிச் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அக்கா கதவடியில் வந்து நின்றார். "முடிஞ்சுதோ?" என்று கையால்தான் கேட்டார். நான் பென் டிரைவை நீட்டினேன்.

திரையில் ஓடியபோது நான் மண்டபத்துக்குள் போகவில்லை. கதவு இடுக்கால் பார்த்தேன். முதலில் சத்தமாகத்தான் இருந்தது. தாலி வந்ததும் கரண்டிச் சத்தம் நின்றது. பெண் தலை குனிந்து கொடுத்த இடத்தில், மேடையில் இருந்த மாப்பிள்ளை திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவள் மாலையால் முகத்தை மறைத்தாள். சபை முழுக்கச் சிரித்தது. தகப்பனின் கை வந்தது. சிரிப்பு அடங்கியது. யாரோ இன்னொருமுறை போடச் சொன்னார்கள். மூன்று முறை போட்டார்கள்.

நான் பெட்டியின் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் லட்டுத் தட்டுகளைத் தாண்டி உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா என்று சொன்னார்.

"ஆர் இதை எடிட் பண்ணினது?"

"நான்தாங்க."

"எங்கட சின்னவளுக்கு ஆவணியில வச்சிருக்கிறம். உங்கட கையால வேணும். நாளைக் குறிச்சுக்கொள்ளுங்கோ, பிறகு வேற இடத்துக்கு ஓம் எண்டிடாதேங்கோ."

பதிவு எழுதுவது அக்காவின் வேலை. கொப்பி என் பக்கத்தில் இருந்தது. ஆட்களின் பெயரைப் பிழையாக எழுதிவிடுவேனோ என்று நான் அதைத் தொடுவதில்லை. அன்றைக்குத் திறந்து, திகதியை நானே எழுதினேன். பெயர் எழுதப் பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

மாலை மூன்று மணிக்குள் அந்தப் பக்கத்தில் நான்கு வரி நிரம்பியது. அக்கா கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். போன் கவர் கடைக்காரரிடம் அவர் கதைத்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

"இல்லைத் தம்பி, அறையை இப்ப தரேலாது. இஞ்ச வேலை கிடக்கு. ஓம், ஆவணிக்குப் பிறகும் கிடக்கு."